சாரல் அடிக்குது, சிபியு கொதிக்குது

ஜூன் பிறந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தலையைக் குளிர வைக்க எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வரும். திரிகூட மலையில் மேகம் இறங்கும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று எல்லா இடத்திலும் தண்ணீர் கொட்டத் தொடங்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு ஆடி மாத மத்தியானத்தில்கூட மின்விசிறி வேண்டியிருக்காது. போர்வையைத்தான் தேடுவோம். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், எங்கள் வீட்டுப் பட்டாசலில் ஒரு பெட்டி மட்டும் 98 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. பாரன்ஹீட் இல்லை, செல்சியஸ்.

“இன்னும் ரெண்டு டிகிரி ஏறுனா சொல்லுங்க, அதுலயே டீ போட்டுருதேன். கேஸாவது மிச்சமாகும்” என்றாள் மனைவி.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கணினி அது. அவன் போனபின் எனக்கு வாரிசுரிமையில் வந்தது. ஊர் உலகத்தில் வாரிசுரிமை மேலிருந்து கீழே இறங்கும். எங்கள் வீட்டில் சட்டை, செருப்பு, செல்போன், கணினி எல்லாம் மகனிடமிருந்து அப்பனுக்கு ஏறும். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற எனக்கு அதில் கரண்ட் பில் கட்டுவது, பத்திரிகைக்குக் கட்டுரை அடிப்பது என்று இரண்டே வேலைகள். மனைவிக்குச் சமையல் வீடியோ. அம்மாவுக்குக் காலையில் கந்த சஷ்டி கவசம். இவ்வளவு எளிய குடும்பத்துக்கு உழைத்து ஒரு கணினிக்குக் காய்ச்சல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கட்டுரை அடித்துக்கொண்டிருப்பேன். விசிறி முதலில் முனகும். பிறகு அதன் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும். எழுத்துகள் திரைக்கு வரத் தயங்கும். ஒரு வரி வந்து சேர்வதற்குள் அடுத்த வரி எனக்கே மறந்துவிடும். (வாசகர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை என்பது மனைவியின் கட்சி.) கடைசியில் படீரென்று திரை இருண்டுவிடும். முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அடுத்து வைரஸைச் சந்தேகித்தேன். அம்மா கண்ணேறு என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் குடும்பமே இருமியது. கணினி மட்டும் அசையாமல் நின்றது.

மகன்தான் போனில் ஒரு சின்ன இலவச நிரலை இறக்கச் சொன்னான். ப்ராசஸருக்குள்ளேயே சூட்டை அளக்கும் உணரி பதித்திருக்கிறார்கள். அது சொல்வதை அந்த நிரல் வாங்கி எண்ணாகக் காட்டும். காட்டிய எண்தான் மேலே சொன்ன 98.

“அப்பா, அது சாகப் போகலை. உயிர் தப்பப் பாக்குது” என்றான். பெரும்பாலான ப்ராசஸர்களுக்கு 100 டிகிரி வாக்கில் ஒரு எல்லை வகுத்திருக்கிறார்கள். அதை நெருங்கியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் ஏறினால், எரிவதைவிட அணைவது மேல் என்று மொத்தமாக நின்றுவிடும். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றுவாரே, அதே ஏற்பாடு. நாமானால் அவரிடம் “ஒரே ஒரு முழுக்கு சார்” என்று கெஞ்சுவோம். ப்ராசஸர் கெஞ்சலுக்கு மசியாது.

சூட்டிடம் பெரிய ஆட்களே தோற்றிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். பென்டியம் 4 வரிசையில் 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்டுவிடுவோம் என்று இன்டெல் கம்பெனி சொல்லியிருந்தது. வேகம் ஏற ஏறச் சூடும் மின்செலவும் ஏறின. 2004 அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெலின் அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட், வேடிக்கையாகத்தான் என்றாலும், மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். ‘கோர்’ என்னும் ஒரே கணக்கு மையத்தை விரட்டுவதை விட்டுவிட்டு, ஒரு சில்லுக்குள் இரண்டு, நான்கு என்று கோர்களைப் பெருக்கும் பாதைக்குத் தொழில் திரும்பியது அந்தக் காலத்தில்தான். அவர் மண்டியிட்டது மேடையில். நான் மண்டியிட்டது கணினி மேஜைக்கு அடியில், வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு.

நிதி நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அந்த நூலில் மகிழ்ந்து அவருக்கு நிலமே எழுதிக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். அதே ஊரில் உட்கார்ந்துதான் நானும் எழுதுகிறேன். போன கட்டுரைக்கு இதழ்க்காரர்கள் இரண்டு பிரதி அனுப்பினார்கள். ஒன்றின் மேல் அம்மா அப்பளம் காயப் போட்டாள். ஆகவே, கணினி வைத்தியத்துக்கு மனைவி ஒதுக்கிய தொகை முந்நூறு ரூபாய். “அதுக்கு மேல ஒத்தை ரூவா ஆனாலும் பெட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கூடவே நீங்களும் போகலாம், எடைக்கு எடை” என்பது அரசாணை.

வேனிற்காலம் முழுக்க ஓடிய கணினி சாரல் காலத்தில் போய்க் கொதிப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். வெளியூர்க்காரர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். சீசன் என்பது எங்களுக்கு அருவி சம்பந்தப்பட்டது இல்லை, விருந்தாளி சம்பந்தப்பட்டது. வருஷம் பூராவும் நினைவுக்கு வராத சொந்தங்கள் ஜூலையில் துளிர்விடும். “அருவியில தண்ணி விழுதா அத்தான்?” என்று ஒரு போன் வரும். அது நலம் விசாரிப்பு இல்லை, முன்பதிவு. மறுநாள் ஒரு வேன் வந்து வாசலில் நிற்கும். பெரியவர்கள் எண்ணெய்ப் பாட்டிலும் சீயக்காயுமாகப் புறப்பட்டுப் போவார்கள். குளிருக்குப் பயந்த பிள்ளைகள் பட்டாசலில் உட்கார்ந்து என் கணினியில் துப்பாக்கி விளையாட்டு விளையாடும். நான் கட்டுரை அடிக்கும்போது ப்ராசஸர் பாதித் தூக்கத்தில்தான் வேலை பார்க்கும். முப்பரிமாண விளையாட்டு ஓடினால் அதற்கு முழு உழைப்பு, முழுச் சூடு.

இதோடும் நிற்கவில்லை. சாரல் காலத்தில் எங்கள் பக்கம் எந்தத் துணியும் காயாது. கொடியில் போட்ட வேட்டி அடுத்த அமாவாசைக்கும் ஈரமாகவே தொங்கும். விருந்துக்கு வந்த மைத்துனி ஒருத்தி, சிபியு பெட்டியின் பின்பக்கம் வெதுவெதுவென்று காற்று வருவதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றுமுதல் பெட்டிமேல் துண்டு, பனியன், குழந்தையின் காற்சட்டை எல்லாம் வரிசையாகக் காய்ந்தன. உள்ளே ப்ராசஸர் கொதிக்கக் கொதிக்கத் துணி சீக்கிரம் காயும். துணி பெட்டியை மூட மூட ப்ராசஸர் இன்னும் கொதிக்கும். இப்படி ஒரு சுழற்சியை எங்கள் வீட்டில் நான் வேறு எந்த விஷயத்திலும் கண்டதில்லை, மாதக் கடைசியைத் தவிர.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் இருக்கும் மச்சினன், “அத்தான், லிக்விட் கூலர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. ஏழெட்டாயிரத்துல முடிஞ்சிரும்” என்றான். தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டுச் சூட்டை வெளியே கொண்டுபோகும் கருவியாம். தண்ணீர் மலையிலிருந்து இலவசமாக விழும் ஊரில் ஏழாயிரம் கொடுத்துத் தண்ணீர் வாங்குவதா? பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். என் தலையில் எண்ணெயை வைத்து ஓங்கித் தட்டிக்கொண்டே, “சூடுன்னா எண்ணெய்தான் சார். உங்களுக்கும் சரி, உங்க மெசினுக்கும் சரி” என்றார்.

சிரிக்காதீர்கள். 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுசாக முக்கி வைத்துத்தான் ஓட்டினார்கள். இன்றைக்கும் சில தரவு மையங்களில் கணினிகள் அதற்கென்றே உள்ள எண்ணெய்த் தொட்டிக்குள் கிடந்து வேலை பார்க்கின்றன. குற்றாலத்து எண்ணெய்க்காரர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்லெண்ணெய் என்பதைத் தவிர. அது நாள்பட்டால் சிக்குப் பிடித்துவிடும். தவிர, ஒரு சிபியு பெட்டி மூழ்க எத்தனை லிட்டர் வேண்டும், முந்நூறு ரூபாய்க்கு எத்தனை லிட்டர் வரும் என்ற இரண்டு கணக்கும் என் மனைவிக்கு மனப்பாடம்.

கிரே என்றதும் இன்னொன்று. 1980-களில் நம் அரசாங்கம் பருவமழையைக் கணிக்க அமெரிக்காவிடம் கிரே கம்ப்யூட்டர் கேட்டது. கேட்ட பெரியதைத் தராமல் சின்னதாக ஒன்றைத் தந்தார்கள். நாமே செய்துகொள்வோம் என்று 1988-இல் சி-டாக் என்னும் அரசு நிறுவனம் பிறந்தது. 1991-இல் அதன் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. கடைக்காரன் தராவிட்டால் வீட்டிலேயே செய்து பார்ப்பது என்னும் குணம் எனக்கு மட்டும் உரியதில்லை, தேசிய குணம் என்று மனைவியிடம் விளக்கினேன். “தேசத்துக்குப் பட்ஜெட் எவ்வளவு?” என்று கேட்டாள்.

ஒருமுறை பெட்டியைச் சர்வீஸ் கடைக்கும் கொண்டுபோனேன். சாரலில் ஸ்கூட்டர் பயணம். ஒரே ஒரு ரெயின்கோட்தான் இருந்தது. அதைப் பெட்டிக்குப் போட்டுவிட்டு நான் நனைந்தேன். கடைத் தம்பி மூடியைத் திறக்கவே இல்லை. பெட்டியின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். “ப்ராசஸர் வீக் ஆயிருச்சு சார். போர்டும் கூடவே போயிரும். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும், ஜிஎஸ்டி தனி” என்றான். எனக்கு ஜலதோஷம் பிடித்தது, அதற்கு ஜிஎஸ்டி இல்லை.

தெருவில் இன்னொரு யோசனை: “மத்தளம்பாறையில ஸோஹோ இருக்கே, அங்க கேளுங்களேன்!” 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்து, எங்கள் கிராமத்துப் பிள்ளைகளை வைத்தே உலகத்துக்கு மென்பொருள் செய்து அனுப்புகிற நிறுவனம். அதை நடத்திய ஸ்ரீதர் வேம்புவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வரவுசெலவு சில மைல் தூரத்தில் தடங்கலின்றி ஓடுகிறது. இங்கே என் கரண்ட் பில் பக்கம் திறப்பதற்குள் பெட்டி மயங்கி விழுகிறது. அதற்காக அவர்கள் வாசலில் போய், “தம்பி, எங்க வீட்டு சிபியு மேல பனியன் காயுது” என்று நிற்க முடியுமா?

கடைசியில் மகன் வீடியோவில் வந்தான். “ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. நான் சொல்லச் சொல்லக் கழட்டுங்க.” பக்கவாட்டுத் தகட்டை இழுத்ததும் உள்ளே தெரிந்த முதல் காட்சி, பெட்டியின் மூலையில் இரண்டு வெள்ளை முட்டைகள். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது. பல்லி ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடுமாம். மறைவான பொந்தாகப் பார்த்து வைத்துவிட்டுப் போய்விடுமாம்.

“ஏல, கையை எடு. வாயில்லா ஜீவன். அது பொரிச்சிப் போற வரைக்கும் பெட்டியத் தொடப்படாது” என்றாள் அம்மா. பல்லி முட்டை பொரிக்க ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதுவரை கரண்ட் பில் காத்திருக்குமா? பேச்சுவார்த்தை நடந்தது. சிரட்டையில் பஞ்சு பரப்பி, முட்டைகளை மாற்றி, அதே வெதுவெதுப்புக்காக இன்வெர்ட்டர் பக்கத்தில் வைப்பது என்று உடன்பாடு. பிறகு ஒருநாள் சிரட்டையில் ஓடு மட்டும் கிடந்தது. அம்மா அதைத் தன் கைராசி என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறாள். “எட்டு வருஷத்துல இந்தப் பெட்டியால உருப்பட்ட ஒரே குடும்பம் அதுதான்” என்றாள் மனைவி.

ப்ராசஸரின் தலைமேல் அலுமினியத் தகடுகள் வட்டமாக அடுக்கிய ஒரு பாளம். அதன் மேல் விசிறி. இரண்டும் சேர்ந்ததைத்தான் கூலர் என்கிறார்கள். மேலிருந்து பார்க்க விசிறி சுத்தமாகவே தெரிந்தது. விசிறியை மட்டும் தனியே எடுத்தபோதுதான் அடியில் இருந்த விஷயம் புரிந்தது. தகடுகளின் வாயை மொத்தமாக அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் கெட்டியான ஒரு தூசிப்படலம். நகத்தால் ஓரத்தைக் கிள்ளித் தூக்கினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொசு இறக்கை, ஊதுவத்திச் சாம்பல், அம்மாவின் திருநீறு, அரிசிமாவு எல்லாம் அதில் இருந்தன. பெரும்பகுதி முடி. “உங்க தலையில இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு இத்தனை நாளாத் தெரியாம இருந்துச்சு” என்றாள் மனைவி, பட்டாசல் வாசலில் நின்றபடி. மகன் வீடியோவில் வாயைப் பொத்திக்கொண்டான்.

வெள்ளையடித்து மிஞ்சிய பிரஷ்ஷால் தட்டினேன். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். ஊதி ஊதிச் சுழல விட்டால் பேரிங் கெட்டுவிடும். கூலரைக் கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நடுவிலிருக்கும் பசையை இளக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பெட்டியில் அந்தத் தேவையே எழவில்லை. கூலரின் நான்கு மூலையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் கால்கள். தலையில் அம்புக்குறி போட்டிருக்கும். அந்தத் திசையில் திருகினால் பிடி விடும். மூன்றைத் திருகினேன். நான்காவதைத் திருக அவசியமில்லாமல், அது முன்பே முறிந்து துளையில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற கூலருக்கும் ப்ராசஸருக்கும் இடையே பழைய பசை காய்ந்து பொருக்குத் தட்டிப் போயிருந்தது.

அந்தப் பசையில்தான் விஷயமே இருக்கிறது. ப்ராசஸரின் மேல் மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. வைத்து அழுத்தினாலும் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப் போல் சோம்பேறி கிடையாது. ஒரே அளவுகோலில் செம்புக்கு 400, அலுமினியத்துக்கு 200-க்கு மேல் என்றால், அசையாத காற்றுக்கு 0.026. மலிவான வெள்ளைப் பசைக்கு 1 வாக்கில்தான். உலோகத்தோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. காற்றோடு பார்த்தால் முப்பது நாற்பது மடங்கு மேல். பசையின் வேலை காற்றை வெளியேற்றுவதுதான். ஆகவே பட்டாணி அளவு போதும், அதிகம் அப்பினால் பசையே தடையாகிவிடும். அம்மாவுக்கு இது ஒப்பவில்லை. “சந்தனம் வைக்கிறதானா நல்லா நிறைய வைக்கணும்ல” என்றாள்.

பற்பசை போட்டாலும் ஓடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஓடும், அதிலுள்ள ஈரம் காயும் வரைக்கும். 90 டிகிரியில் எவ்வளவு நேரம் ஈரம் நிற்கும்? வீட்டில் பற்பசையும் அப்போது தீரும் தறுவாயில் இருந்தது, அதனால் அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை.

நல்ல தெர்மல் பேஸ்ட் ஒரு சிறு குழாய் நானூறு ஐந்நூறு என்றார்கள். ஒரு கடையில் பசை என்றதும் எம்-சீலை எடுத்து நீட்டினார்கள். நான் தஞ்சம் புகுந்தது, தென்காசியில் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம். சுற்றிலும் குழாய் ஒலிபெருக்கிகள். நடுவில் சால்டரிங் புகையில் அவர்.

“தெர்மல் பேஸ்ட்டா? அது எதுக்குவே?”

விளக்கினேன்.

“ஹீட் சிங்க் காம்பவுண்டுன்னு கேளும்வே! கோயில் கொடைக்கு மூணு நாளு விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் ஓடுது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, அதுக்கு மேல சினிமாப் பாட்டு. இது இல்லாம ஓடுமா?” என்று, உலோகத் தொப்பி போட்ட ஒரு 3055 டிரான்சிஸ்டரைக் காட்டினார். அதன் அடியில் அதே வெள்ளைக் களிம்பு, நடுவில் மெல்லிய மைக்கா தகடு. கம்ப்யூட்டர் என்ற சொல் எங்கள் ஊருக்குள் நுழையும் முன்பே சுடலைமாடன் புண்ணியத்தில் வெப்பக் கடத்தல் இங்கே தெரிந்திருக்கிறது. சின்ன டப்பா நாற்பது ரூபாய். அது எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் வரும்.

மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சிறு பாட்டில் எழுபது ரூபாய். பழைய பசையைத் துடைக்க. முறிந்த காலுக்கு மாற்று, பழைய கணினிகளை உடைத்து விற்கும் கடையில் ஒரு செத்த கூலரிலிருந்து முப்பது ரூபாய். ஆக 140. கணக்கு எழுதியே பிழைத்தவன் என்பதால் வவுச்சர் போட்டு வைத்திருக்கிறேன். மீதி 160-இல் ஒரு பகுதி பிரானூர் பார்டரில் பரோட்டாவாகவும் நாட்டுக்கோழியாகவும் மாறியது. ஏட்டில் அது ‘இதரச் செலவினம்’.

மாட்டும் வேலை கழற்றுவதைவிடப் பதற்றம். கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று சொல்ல வேண்டும். அழுத்தும்போது போர்டு லேசாக வளைகிறது. அந்த நேரத்தில் குலதெய்வம் ஞாபகம் வராதவன் மனிதனே இல்லை. நான்காவது ‘டிக்’ கேட்டபோது பட்டாசலில் இருந்த எல்லாரும் மூச்சுவிட்டோம், வீடியோவில் இருந்தவன் உள்பட.

சும்மா இருக்கையில் 42. பிள்ளைகளின் துப்பாக்கிச் சண்டை உச்சத்தில் 71. டீக்கு இனி அடுப்புதான்.

காசு செலவில்லாத இன்னொரு வித்தையையும் மகன் சொன்னான். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் ப்ராசஸரின் உச்ச அளவு 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கிவிட்டால், டர்போ வசதி உள்ள ப்ராசஸர்கள் அந்தத் துள்ளல் வேகத்துக்குப் போகாது. குறைத்தது ஒரு சதவீதம்தான், இறங்கியது பத்து டிகிரிக்கு மேல். கட்டுரை அடிக்கும் வேகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தடை எந்தக் காலத்திலும் ப்ராசஸரில் இருந்ததில்லை போலிருக்கிறது.

இதோடு முடிந்திருக்கும், மகன் போனைத் திருப்பி மேஜையைக் காட்டச் சொல்லாமல் இருந்திருந்தால். எங்கள் கணினி மேஜையில் சிபியுவுக்கென்றே ஒரு மர அறை உண்டு. முன்பக்கம் கதவு, பின்பக்கம் பலகை. பெட்டிக்கு மனைவி பழைய சுங்குடிச் சேலையில் தைத்த உறை, ஓரத்தில் ஜரிகை. சுவரில் தூசி ஒட்டாமல் இருக்க நான் சொருகிய அட்டை. மின்சாரம் பாயும் பகுதியில் பல்லி விழாமல் இருக்க அம்மா அடைத்த துணி. (பல்லி உள்ளே இருந்தது.) நாங்கள் ரிமோட்டுக்குப் பாலித்தீன் போடுகிறவர்கள். பிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை, அந்த உறைக்கு ஒரு உறை. நடுத்தர வர்க்கத்தில் ஒரு பொருள் உழைத்துத் தேய்வதில்லை. பொத்திப் பொத்தி வைத்தே மூச்சுமுட்டிச் சாகிறது.

“அப்பா, காத்து எந்த வழியா வந்து எந்த வழியாப் போகும்?” என்று கேட்டான். இதைத் தென்காசிக்காரனிடம் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசிவிசுவநாதர் கோயில் எங்களுடையது. சிதைந்து கிடந்த ராஜகோபுரத்தைத் திரும்ப எழுப்பி 1990-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். சுமார் 180 அடி. அந்த வாசலில் நுழைந்தவர்களுக்குத் தெரியும். காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும், கொஞ்சம் உள்ளே போனால் முதுகில் கைவைத்து அனுப்பும். அதை அனுபவிக்கவே வாசலில் நின்று நின்று போகிறவர்கள் உண்டு, நான் உள்பட. வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி. சிபியுவுக்கும் அதேதான், முன்னால் குளிர்ந்த காற்று நுழைந்து பின்னால் சூடான காற்று வெளியேற வேண்டும்.

மர அறையிலிருந்து பெட்டி வெளியே வந்தது. முதலில் தார்சாவில் வைத்தோம். மேற்கே இருந்து காற்று அருமையாக வந்தது, கூடவே சாரலும். பிறகு பட்டாசலில் ஜன்னலுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு ஸ்டூல் மேல் அமர்ந்தது. அணைத்த பிறகு சுங்குடி உறையைப் போட்டுக்கொள்ளலாம், ஓடும்போது கூடாது என்று மனைவியோடு ஒப்பந்தம். ஒன்று நிச்சயம்: விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரை இறக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மே மாதத்துக் கணக்கு தனி.

சீசனுக்கு வரவிருக்கும் சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாக வாருங்கள். அருவியில் தண்ணீர் விழுகிறது. பிள்ளைகள் விளையாடட்டும், 71 டிகிரி வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஈரத் துண்டைப் பெட்டிமேல் போடாதீர்கள். தார்சாவில் நைலான் கயிற்றில் புதிதாகக் கொடி கட்டியிருக்கிறேன். ஏட்டில் அதுவும் இதரச் செலவினம்தான். துண்டு அதில் காயாது. ஊருக்குப் போய்க் காயப் போட்டுக்கொள்ளுங்கள்.